நவசேவாவில் நின்று பார்த்தால் 38-ஆவது இடம்

தாராவியில் அப்பாவின் தோல் பைத் தொழிலை எடுத்து நடத்தும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "அண்ணாச்சி, சரக்குப் போக்குவரத்தில் இந்தியா உலக வங்கிப் பட்டியலில் 38-ஆவது இடம், 2030-க்குள் முதல் 25-க்குள் வந்துவிடுவோம் என்கிறார்கள். ஒரு நாட்டின் லாஜிஸ்டிக்ஸ் திறனை எதை வைத்து அளக்கிறார்கள்? அந்த இடம் முன்னேறினால் இருபது பேரை வைத்துப் பை தைத்து ஐரோப்பாவுக்கு அனுப்பும் எங்களுக்கு என்ன மாறும்?"

தம்பி, நான் இருபத்திரண்டு வருஷமாக மும்பைக்குப் பக்கத்து நவசேவாத் துறைமுகத்தில் கிளியரிங் வேலை, அதாவது சரக்கைச் சுங்கத்தில் விடுவித்துத் தரும் வேலை, பார்ப்பவன். உங்கள் பக்கத்துத் தெருக்களில் தைத்த பைகள் பல என் கை வழியாகக் கப்பல் ஏறியிருக்கின்றன. பட்டியலைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அப்புறம் உங்கள் அட்டைப்பெட்டிக்கு வருவோம். எனக்கு அதிகம் சொல்ல இருப்பது அதில்தான்.

பட்டியலின் பெயர் லாஜிஸ்டிக்ஸ் பெர்ஃபார்மன்ஸ் இண்டெக்ஸ், சுருக்கமாக எல்பிஐ. உலக வங்கி 2007-இல் முதன்முதலாக வெளியிட்டது. சரக்கு அனுப்ப ஏற்பாடு செய்து தரும் ஃபார்வர்டர்களுக்கும் எக்ஸ்பிரஸ் கூரியர் கம்பெனிக்காரர்களுக்கும் ஒரு கேள்வித்தாள் போகும். தாங்கள் சரக்கு அனுப்பும் வெளிநாடுகளில் எட்டு வரை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் ஆறு தலைப்புகளில் 1 முதல் 5 வரை மதிப்பெண் போடுவார்கள். சுங்க நடைமுறை, சாலை துறைமுகம் போன்ற கட்டமைப்பு, சேவை தருபவர்களின் தரம் ஆகிய மூன்றும் ஒரு நாடு போடும் முதலீடு மாதிரி. நியாயமான விலையில் கப்பல் கிடைப்பது, சரக்கு எங்கே இருக்கிறது என்று தெரிவது, சொன்ன தேதிக்குப் போய்ச் சேர்வது ஆகிய மூன்றும் அந்த முதலீட்டுக்குக் கிடைக்கும் பலன். இந்தியாவுக்கு மதிப்பெண் போடுகிறவர் நவசேவாவில் நிற்கும் நானோ நீங்களோ இல்லை. ஹாம்பர்க்கிலோ துபாயிலோ உட்கார்ந்து இந்தியாவோடு தினமும் மல்லுக்கட்டும் ஆள் அவர்.

2023 பதிப்பில் 139 நாடுகள். சிங்கப்பூர் 4.3 வாங்கி முதலிடம், இந்தியா 3.4 வாங்கி 38-ஆவது இடம். இதற்கு முந்தைய பதிப்புகளில் நாம் வாங்கிய இடங்களை வரிசையாகப் பாருங்கள்: 2007-இல் 39, 2010-இல் 47, 2012-இல் 46, 2014-இல் 54, 2016-இல் 35, 2018-இல் 44. இந்த வருஷங்களில் பெரும்பகுதி நான் துறைமுக வாசலில்தான் இருந்தேன். 2014-க்கும் 2016-க்கும் இடையில் பத்தொன்பது இடம் தாவுகிற அளவுக்கு இங்கே எதுவும் மாறவில்லை. அடுத்த இரண்டு வருஷத்தில் ஒன்பது இடம் சறுக்குகிற அளவுக்கு எதுவும் கெட்டுப்போகவும் இல்லை. இது கருத்துக் கணிப்பு. உலக வங்கியே ஒவ்வொரு நாட்டின் மதிப்பெண்ணுக்கும் பக்கத்தில், இதற்கு மேலும் கீழும் இவ்வளவு போகலாம் என்று ஒரு எல்லையைப் போட்டுத்தான் தருகிறது. நடுப்பகுதியில் பல நாடுகள் ஒரே மதிப்பெண்ணில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்பதால், ஒரு தசமப் புள்ளி ஏறினால் இடம் பல படி ஏறிவிடும், இறங்கினால் அதே மாதிரி இறங்கிவிடும். செய்தித்தாளில் இடத்தைத்தான் பெரிய எழுத்தில் போடுகிறார்கள். எல்லையைப் போடுவதில்லை.

அதற்காகப் பட்டியலைத் தூக்கிப் போட்டுவிட முடியாது. எந்தத் துறைமுகம் வழியாக, எந்தக் கப்பலில் பெட்டி போக வேண்டும் என்று முடிவெடுப்பவர்களே மதிப்பெண் போடுகிறார்கள். அவர்கள் மனதில் நம்மைப் பற்றி என்ன இருக்கிறதோ அது நம் சரக்கின் விலையில் வந்து விழும். மொத்த இடத்தை விட்டுவிட்டு ஆறு தலைப்பையும் தனித்தனியாகப் பார்த்தால் இன்னும் விளங்கும். 2018-இலிருந்து 2023-க்குள் கப்பல் கிடைக்கும் வசதியில் 44-இலிருந்து 22-க்கு வந்தோம். கட்டமைப்பில் 52-இலிருந்து 47. சுங்க நடைமுறைக்கான மதிப்பெண் மட்டும் ஏறக்குறைய அதே 3-இல் நின்றுவிட்டது. அந்த அஞ்சு வருஷத்தில் சுங்கத்துறையில் காகிதம் ஒழிந்தது, ஆளைப் பார்க்காமலே மதிப்பீடு செய்யும் முறை வந்தது. இவ்வளவு மாறியும் வெளியில் இருப்பவர் கண்ணுக்கு அது ஏன் தெரியவில்லை? இந்தக் கேள்வியை வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவேன்.

2023-இல் உலக வங்கி ஒரு நல்ல காரியம் செய்தது. கருத்துக் கணிப்போடு நிற்காமல், உலகம் முழுக்க நகர்ந்த கன்டெய்னர்களின் உண்மையான தடத்தையும் எடுத்துப் பார்த்தது. ஏற்றுமதி செய்யும் நாட்டின் துறைமுகத்துக்குள் நுழைந்ததிலிருந்து இறக்குமதி நாட்டின் துறைமுகத்தை விட்டு வெளியேறும் வரை ஒரு கன்டெய்னருக்குச் சராசரியாக 44 நாள் ஆகிறது. கூடவே இன்னொரு எண்ணும் இருந்தது: அந்த 44-ஐச் சுற்றியுள்ள ஏற்ற இறக்கம் 10.5 நாள். 44-ஐப் பற்றி நிறையப் பேர் எழுதினார்கள். என்னைக் கேட்டால் அந்த அறிக்கையிலேயே முக்கியமான எண் 10.5.

ஏன் என்று சொல்கிறேன். உங்களுக்கு இரண்டு வழி இருக்கிறது என்று வையுங்கள். ஒரு வழியில் எப்போது அனுப்பினாலும் 30 நாள், ஒரு நாள் முன்னே பின்னே. இன்னொன்றில் சராசரி 26 நாள், ஆனால் ஒரு தடவை 19, இன்னொரு தடவை 41. காகிதத்தில் இரண்டாவதுதான் வேகம். ஆனால் ஹாம்பர்க்கில் இருக்கும் உங்கள் பையர், அதாவது சரக்கு வாங்கும் வியாபாரி, கடைத் தட்டில் பை இருக்க வேண்டிய தேதியைச் சொல்லிவிட்டார். அந்தத் தேதியிலிருந்து நீங்கள் 26-ஐக் கழிக்க முடியாது, 41-ஐத்தான் கழிக்க வேண்டும். அதாவது பதினைந்து நாள் முன்னாலேயே தோல் வாங்கி, கூலி கொடுத்து, தைத்து முடித்திருக்க வேண்டும். அந்தப் பதினைந்து நாளுக்கும் பணம் முடங்கிக் கிடக்கும், வட்டி ஓடும். பெரிய கம்பெனி என்றால் அங்கேயே ஒரு கிடங்கில் கூடுதல் சரக்கு வைத்துச் சமாளித்துவிடும். இருபது பேரை வைத்து நடத்துகிறவர் என்ன செய்வார்? தேதி தவறும். தவறினால் விமானத்தில் அனுப்பு என்பார் பையர். ஒரு வருஷ லாபம் அந்த ஏர்வே பில்லில் போய்விடும்.

அதே தடத்தில் இருந்து வந்த இன்னொரு கணக்கு நம் ஊரில் பெரிதாகப் பேசப்பட்டது. 2022 மே முதல் அக்டோபர் வரை இந்தியத் துறைமுகங்களில் ஒரு கன்டெய்னர் தங்கிய நேரம் சராசரி 2.6 நாள். அமெரிக்காவில் 7, ஜெர்மனியில் 10. கோவிட் நெரிசல் முழுதாகத் தீராத காலம் அது, அதையும் மனதில் வைக்க வேண்டும். ஆனாலும் எண் உண்மையானது, அதற்குப் பின்னால் வேலையும் இருக்கிறது. 2016 ஜூலையில் நவசேவாவில்தான் ஒவ்வொரு கன்டெய்னரிலும் ரேடியோ அலையால் அடையாளம் காட்டும் ஆர்எஃப்ஐடி அட்டை ஒட்டும் முறை தொடங்கியது. வாசலில் கேட்டைத் தாண்டும்போதும், டோல் பிளாசாவைத் தாண்டும்போதும் பெட்டி எங்கே என்று பதிவாகிவிடும். அந்த முறை மற்றத் துறைமுகங்களுக்கும் போனது. விசாகப்பட்டினத்தில் 2015-இல் 32.4 நாளாக இருந்த தங்கல் நேரம் 2019-இல் 5.3 நாளாகக் குறைந்ததற்கு இந்தக் கண்காணிப்பு ஒரு காரணம் என்று உலக வங்கி அறிக்கையே சொல்கிறது.

சரி, 2.6 நாளில் பெட்டி வெளியே வந்துவிடுகிறது, ஜெர்மனியில் 10 நாள் ஆகிறது. அப்படியானால் அதே 2023 பட்டியலில் ஜெர்மனி 4.1 வாங்கி மூன்றாம் இடத்திலும் நாம் 38-லும் இருப்பது எப்படி?

கடிகாரம் எங்கே நிற்கிறது என்பதில்தான் விஷயம். துறைமுகத்தில் தங்கும் நேரம் என்பது கப்பலிலிருந்து இறங்கியது முதல் டெர்மினல் கேட்டைத் தாண்டுவது வரை. நவசேவாவில் இறங்கும் இறக்குமதிப் பெட்டிகளில் கணிசமானவை கேட்டைத் தாண்டியதும் இறக்குமதியாளரின் கிடங்குக்குப் போவதில்லை. பக்கத்தில் உரண், ஜாசை, பன்வேல் சாலையெங்கும் வரிசையாக இருக்கிற சிஎஃப்எஸ் யார்டுகளில், அதாவது துறைமுகத்துக்கு வெளியே கன்டெய்னர் சரக்கைக் கையாளும் இடங்களில், ஒன்றுக்குப் போகும். சுங்கச் சோதனை, தீர்வை கட்டுவது, சரக்கைக் கொடுக்கலாம் என்று கப்பல் கம்பெனி தரும் டெலிவரி ஆர்டர் வாங்குவது எல்லாம் அங்கே நடக்கும். டெர்மினலின் கடிகாரம் நின்றுவிட்டது, சரக்குக்காரரின் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. நேராகத் துறைமுகத்திலிருந்தே எடுத்துப் போகும் டிபிடி முறையைப் பல வருஷமாக ஊக்குவிக்கிறார்கள், அது நல்ல பலனும் தந்திருக்கிறது. ஆனால் அதை முழுதாகப் பயன்படுத்திக்கொள்வது, வருஷம் முழுக்க ஒரே மாதிரி சரக்கு கொண்டுவரும் பெரிய இறக்குமதியாளர்கள்தான்.

இதேபோல உலக வங்கி இன்னொரு பட்டியலும் போடுகிறது, கன்டெய்னர் துறைமுகங்களுக்கானது. 2023-க்கான அந்தப் பட்டியலில் முதல் 100-க்குள் ஒன்பது இந்தியத் துறைமுகங்கள். விசாகப்பட்டினம் 19, முந்த்ரா 27, சென்னை 80, நம் நவசேவா 96. பெருமைப்பட வேண்டிய செய்திதான். ஆனால் அது அளப்பது கப்பல் துறைமுகத்தில் கழித்த நேரத்தை. வாசலில் டிரெய்லர் எவ்வளவு நேரம் நின்றது என்பது அந்தக் கணக்கிலேயே வராது.

முழு நேரத்தையும் அளக்க ஒரு முறை இருக்கிறது, டைம் ரிலீஸ் ஸ்டடி என்று பெயர். உலக சுங்க அமைப்பு 1994-இல் இதற்கான வழிமுறையைத் தந்தது. 2017-இல் நடைமுறைக்கு வந்த உலக வர்த்தக அமைப்பின் வர்த்தக வசதி ஒப்பந்தமும் நாடுகள் இதைச் செய்து வெளியிட வேண்டும் என்று ஊக்குவிக்கிறது. நம் சுங்கத்துறை ஜனவரி முதல் வாரத்தில் தாக்கலாகும் ஆவணங்களை எடுத்துக்கொண்டு, சரக்கு வந்தது, பில் ஆஃப் என்ட்ரி என்ற இறக்குமதி ஆவணத் தாக்கல், மதிப்பீடு, தீர்வை கட்டியது, சோதனை, சரக்கை எடுத்துப் போகலாம் என்ற அவுட் ஆஃப் சார்ஜ் உத்தரவு என்று ஒவ்வொரு படியிலும் விழுந்த நேர முத்திரையைப் பார்த்துக் கணக்குப் போடுகிறது. யாருடைய அபிப்பிராயமும் இதில் இல்லை. 2023 ஆய்வில் கடல் துறைமுகங்களில் இறக்குமதிச் சரக்கு வெளியே வரச் சராசரி 85 மணி 42 நிமிஷம், விமானச் சரக்குக்கு 44 மணி 16 நிமிஷம். அரசு தனக்குத் தானே வைத்துக்கொண்ட இலக்கு முறையே 48 மணி, 24 மணி. தூரம் இன்னும் இருக்கிறது, அதை மறைக்காமல் வெளியிடுகிறார்கள் என்பதை நான் மதிக்கிறேன்.

இந்த ஆய்வின் பெரிய பலன், நேரம் யார் கையில் கழிந்தது என்று காட்டுவதுதான். எல்லாப் பழியையும் சுங்க அதிகாரி மேல் போடுவது எங்கள் தொழிலில் பழக்கம். ஆனால் கப்பல் வருவதற்கு முன்பே ஆவணத்தைத் தாக்கல் செய்தவருக்கும் கப்பல் வந்த பிறகு செய்தவருக்கும் உள்ள வித்தியாசம், தீர்வையை அன்றைக்கே கட்டியவருக்கும் நாலு நாள் இழுத்தவருக்கும் உள்ள வித்தியாசம் எல்லாம் அதில் அப்படியே தெரியும். ஏற்றுமதியில் இன்னும் வெளிப்படை. ஏற்றுமதிக்கு அனுமதி தரும் லெட் எக்ஸ்போர்ட் ஆர்டர் கொடுத்ததோடு சுங்கத்தின் வேலை முடிந்துவிடும். அதற்குப் பிறகு சரக்கு கப்பல் ஏறும் வரை ஓடும் நேரம்தான் பெரிது.

இதைப் புள்ளிவிவரமாகச் சொல்வதைவிட ஒரு சரக்கின் கதையாகவே சொல்கிறேன். என்னிடம் பச்சை அட்டை போட்ட நீள நோட்டு ஒன்று உண்டு. கம்ப்யூட்டரில் எல்லாம் இருந்தாலும் ஒவ்வொரு சரக்குக்கும் அஞ்சு நேரத்தை அதில் கையால் எழுதிவைப்பேன். உங்களைப் போலவே தாராவிக்காரர் ஒருவரின் 62 அட்டைப்பெட்டி, கைப்பையும் பர்ஸும். முழுக் கன்டெய்னர் நிரம்பாது என்பதால் பலருடைய சரக்கைச் சேர்த்து ஒரே கன்டெய்னரில் அனுப்பும் கன்சாலிடேட்டர் வழியாகப் போனது. திங்கள் காலை 10:20-க்கு சிஎஃப்எஸ்ஸில் கார்ட்டிங், அதாவது சரக்கை இறக்கி ஒப்படைத்தது. அன்றைக்கே மதியம் 3:10-க்கு லெட் எக்ஸ்போர்ட் ஆர்டர் கையில். சுங்கத்துக்கு ஆன நேரம் அஞ்சு மணிக்கும் குறைவு. நானே சந்தோஷப்பட்டேன்.

அதற்குப் பிறகு நோட்டில் மூன்று நாள் ஒன்றுமே இல்லை. கன்டெய்னரில் இடம் மிச்சம் இருக்கிறது, இன்னும் இரண்டு பார்ட்டி சரக்கு வர வேண்டும் என்று கன்சாலிடேட்டர் காத்திருந்தார். வியாழன் சாயங்காலம்தான் ஸ்டஃபிங், அதாவது கன்டெய்னருக்குள் சரக்கு ஏற்றியது. வெள்ளிக்கிழமை டிரெய்லர் கிளம்பி, முக்கால் மணி நேரத்தில் துறைமுகத்தின் பொது பார்க்கிங்குக்கு வந்துவிட்டது. அங்கே வந்த பிறகுதான் தெரிந்தது, கப்பல் வேறு டெர்மினலுக்கு மாற்றப்பட்டிருக்கிறது. கேட்டுக்குள் விட வேண்டிய ஃபார்ம் 13 பழைய டெர்மினல் பெயரில் இருக்கிறது. கப்பல் கம்பெனி திருத்தித் தர வேண்டும். அந்த ஆபீஸில் சாயங்காலத்துக்கு மேல் போன் எடுப்பார் இல்லை. சனிக்கிழமை திருத்தி வருவதற்குள் கப்பலுக்குப் பெட்டி எடுத்துக்கொள்ளும் கட்-ஆஃப் நேரம் முடிந்துவிட்டது. பெட்டி அடுத்த வாரக் கப்பலுக்கு ரோல் ஆனது. கார்ட்டிங் முதல் கப்பல் கிளம்பும் வரை மொத்தம் பன்னிரண்டு நாள். சுங்கம் அஞ்சு மணி நேரம், சாலையில் ஓடியது முக்கால் மணி நேரம். மிச்சமெல்லாம் நின்ற நேரம்.

வெள்ளிக்கிழமை இரவு நான் அந்த பார்க்கிங்கில் இருந்தேன். எங்கள் டிரெய்லருக்குப் பக்கத்தில் நாமக்கல் வண்டி ஒன்று, கோயம்புத்தூரிலிருந்து இயந்திரம் ஏற்றி வந்தது. ஓட்டுநர் பக்கவாட்டு டூல் பாக்ஸ் கதவை இறக்கி அதையே மேடையாக்கி, சின்ன அடுப்பில் சோறு வைத்துவிட்டுத் தக்காளி நறுக்கிக்கொண்டிருந்தார். தமிழ் பேசுகிறேன் என்றதும் ஒரு தட்டு எனக்கும் வைத்துவிட்டார். வந்து இரண்டாவது இரவாம். "ஓடுறதுக்குத்தான் சார் காசு, நிக்கிறதுக்கு யாரும் தர்றதில்ல" என்றார். கோயம்புத்தூரிலிருந்து இங்கே வர ஆன நேரம், எத்தனை இடத்தில் டீசல் போட்டார், எங்கே நின்றார் எல்லாம் மனப்பாடமாகச் சொன்னார். இங்கே எத்தனை மணி நேரம் நிற்கப்போகிறோம் என்பதை மட்டும் அவரால் சொல்ல முடியவில்லை. எனக்கும் தெரியவில்லை. பார்க்கிங் ஊழியருக்கும் தெரியவில்லை.

உங்கள் கேள்விக்கு என் பதில் இந்த இடத்தில்தான் இருக்கிறது. ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குச் சரக்கு மாறும் இடத்தில் ஓடும் மணி நேரம் யார் கணக்கிலும் ஏறுவதில்லை. டெர்மினல் தன் நேரத்தை அளக்கிறது, சுங்கம் தன் நேரத்தை அளக்கிறது, கப்பல் கம்பெனி கப்பலின் நேரத்தை அளக்கிறது. எல்லோருடைய கணக்கும் நன்றாக இருக்கிறது. பெட்டி மட்டும் பன்னிரண்டு நாள் கிடக்கிறது. முன்னே கேட்டேனே, சுங்கத்தில் இவ்வளவு மாறியும் வெளியில் இருப்பவர் கண்ணுக்கு ஏன் தெரியவில்லை என்று? ஹாம்பர்க்கில் இருப்பவர் பார்ப்பது பன்னிரண்டு நாளை. அதில் சுங்கம் மிச்சப்படுத்திய நேரம் கரைந்துபோய்விடுகிறது.

செலவுக் கணக்கிலும் இதே மாதிரி ஒரு குழப்பம் பல வருஷம் நடந்தது. இந்தியாவில் லாஜிஸ்டிக்ஸ் செலவு ஜிடிபியில் 13, 14 சதவீதம் என்று மேடைக்கு மேடை சொன்னார்கள். 2022 செப்டம்பரில் தேசிய லாஜிஸ்டிக்ஸ் கொள்கை வந்தபோதும் அந்த எண்தான் எல்லோர் வாயிலும். முறையாக அளந்து பார்த்தபோது என்சிஏஇஆர் என்ற பொருளாதார ஆய்வு நிறுவனம் 2021-22-க்கு 7.8 முதல் 8.9 சதவீதம் வரை என்றது. 2025 செப்டம்பரில் வெளிவந்த அரசின் மதிப்பீடு 2023-24-க்கு 7.97 சதவீதம் என்கிறது. ஒரே நாளில் செலவு பாதியாகிவிடவில்லை, அளவுகோல்தான் சரியானது. இன்னொன்று, ஜிடிபியில் பங்கு என்பதே ஒரு நாட்டை இன்னொரு நாட்டோடு ஒப்பிடச் சரியான முறை இல்லை. வங்கியும் மென்பொருளும் அதிகம் உள்ள நாட்டில் லாரியில் ஏற்ற வேண்டியது குறைவு, அதனால் பங்கும் குறைவாகத் தெரியும். அந்த நாட்டு லாரி நம் லாரியைவிடத் திறமையானது என்று அதற்குப் பொருள் இல்லை. அந்த மதிப்பீட்டில் நீங்கள் கவனிக்க வேண்டியது வேறு: சிறிய நிறுவனங்கள் தம் உற்பத்தி மதிப்பில் லாஜிஸ்டிக்ஸுக்குக் கொடுக்கும் பங்கு, பெரிய நிறுவனங்கள் கொடுப்பதைப் போல் இரண்டு மடங்குக்கு மேல். 7.97 என்பது நாட்டின் சராசரி. உங்கள் தெருவின் எண் அது இல்லை.

மாநிலங்களுக்கும் ஒரு தரவரிசை உண்டு, லீட்ஸ் என்று பெயர், 2018 முதல் வருகிறது. 2023-இல் கடலோர மாநிலங்களில் தமிழ்நாடு முதல் வகையிலும் மகாராஷ்டிரம் அடுத்த வகையிலும் வந்தன. நம் ஊருக்காரர்கள் வாட்ஸப்பில் கொண்டாடினார்கள். அதுவும் பெரும்பாலும் கருத்துக் கேட்டுப் போட்டதுதான், அதனால் மேலே சொன்ன எச்சரிக்கை அதற்கும் பொருந்தும்.

எப்படி மேம்படுத்துவது? இதுவரை எது வேலை செய்தது என்று பார்த்தால் ஒரு விஷயம் புரியும். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்ததும் மாநில எல்லைச் சோதனைச் சாவடிகள் எடுக்கப்பட்டன. லாரிகள் எல்லையில் வரிசையில் நின்ற காலம் அதோடு போனது. 2018-இல் சரக்கோடு போக வேண்டிய ஆன்லைன் ஆவணமான இ-வே பில், அதே வருஷம் சுங்க ஆவணத்தை ஆன்லைனில் ஏற்றும் இ-சஞ்சித், 2021-இல் ஃபாஸ்டாக் கட்டாயம். ஒன்றுக்கும் சிமென்ட் தேவைப்படவில்லை. சிங்கப்பூர் 1989-இலேயே டிரேட்நெட் என்ற ஒரே ஜன்னல் முறையைக் கொண்டுவந்து, பல அலுவலகத்துக்கு அலைந்த காகிதத்தை ஒரே படிவமாக்கியது. அதன் முதலிடத்துக்கு அடியில் அந்த வேலை இருக்கிறது. 2024 ஜனவரியில் திறந்த அடல் சேது கடல் பாலத்தையும், அதே வருஷம் ஆகஸ்டில் 76,000 கோடி ரூபாய்க்கு மேல் மதிப்பிட்டு அடிக்கல் நாட்டிய வாத்வன் துறைமுகத்தையும் நான் குறைத்துச் சொல்லவில்லை. நவசேவா 2024-25-இல் 73 லட்சம் டிஇயு (இருபது அடி கன்டெய்னர் கணக்கு) கையாண்டிருக்கிறது, இடம் வேண்டும்தான். ஆனால் டெல்லிக்குப் பக்கத்துத் தாத்ரியிலிருந்து நவசேவா வரை 1,506 கிலோமீட்டர் திட்டமிட்ட மேற்குச் சரக்கு ரயில் பாதையைப் பாருங்கள். வடக்குப் பகுதியில் வண்டிகள் ஓடத் தொடங்கிப் பல வருஷம் ஆகியும், துறைமுகத்தைத் தொடும் மும்பைப் பக்கத்துக் கடைசித் துண்டுதான் எல்லாவற்றுக்கும் பின்னால் வந்தது. துறைமுகத்தைத் தொடாத துறைமுகப் பாதையால் டிரெய்லர் வரிசை குறையுமா?

என் கையில் அதிகாரம் இருந்தால் முதலில் செய்வது இரண்டு. சராசரியை வெளியிடுவதோடு, நூறு பெட்டியில் தொண்ணூறாவது பெட்டி எத்தனை மணி நேரத்தில் வெளியே வந்தது என்பதையும் மாதாமாதம், டெர்மினல் வாரியாக, சிஎஃப்எஸ் வாரியாக வெளியிடச் சொல்வேன். சராசரி நன்றாக இருக்கும்போதே கடைசிப் பத்துப் பெட்டி செத்துக்கொண்டிருக்கும். அந்தப் பத்தில் பெரும்பாலும் உங்களைப் போன்றவர்களின் சரக்குதான் இருக்கும். இரண்டாவது, கடிகாரத்தைச் சிஎஃப்எஸ் வாசலில் ஆரம்பித்துக் கப்பல் கிளம்பும்போது நிறுத்தச் சொல்வேன். ஆர்எஃப்ஐடி தடம் இருக்கிறது, சுங்கத்தின் நேர முத்திரை இருக்கிறது, டெர்மினல் கேட் பதிவு இருக்கிறது. கப்பல் எந்த டெர்மினலுக்கு வருகிறது என்ற தகவலும் இருக்கிறது. இவை எல்லாம் ஒரே இடத்தில் சேர்ந்தால் அன்றைக்கு எங்கள் டிரெய்லர் சிஎஃப்எஸ்ஸை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே ஃபார்ம் 13 தப்பு என்று தெரிந்திருக்கும். இதற்காகவே யூலிப் என்று ஒரு தளத்தை லாஜிஸ்டிக்ஸ் கொள்கையோடு கொண்டுவந்தார்கள். நல்ல எண்ணம், சரியான திசை. அதில் தகவல் வந்து சேர்வது அரசுத் துறைகளிடமிருந்து எவ்வளவு வேகமோ, கப்பல் கம்பெனிகளிடமிருந்தும் அவ்வளவு வேகமாக வர வேண்டும்.

நாடு மாறும் வரை நீங்கள் சும்மா இருக்க வேண்டியதில்லை. கன்சாலிடேட்டரிடம் விலை கேட்கும்போது ஸ்டஃபிங் எந்தக் கிழமை என்றும் கேளுங்கள், கன்டெய்னர் நிரம்பாவிட்டாலும் அந்தக் கிழமை ஸ்டஃபிங் செய்வேன் என்று எழுத்தில் வாங்குங்கள். கிலோவுக்கு இரண்டு ரூபாய் அதிகம் கேட்டாலும் கிழமை தவறாதவரிடம் போங்கள். டிரெய்லர் கிளம்பும் அன்று காலையில் டெர்மினல் பெயரைக் கப்பல் கம்பெனியிடம் இன்னொரு முறை உறுதிப்படுத்தச் சொல்லுங்கள், ஒரு போன்தான். வருஷத்துக்குப் பத்து சுங்க ஆவணமாவது தாக்கல் செய்கிறீர்கள் என்றால், நம்பகமான வியாபாரி என்று சுங்கத்துறை சான்று தரும், சிறு நிறுவனங்களுக்கென்று தளர்த்திய ஏஇஓ திட்டத்துக்கு விண்ணப்பிக்கலாமா என்று பாருங்கள். அந்தச் சான்று கிடைத்தால் சோதனை குறையும், பையரிடம் காட்டவும் உதவும்.

அப்புறம் ஒரு நோட்டு போடுங்கள். கடையிலிருந்து பெட்டி கிளம்பியது, சிஎஃப்எஸ்ஸில் கார்ட்டிங், லெட் எக்ஸ்போர்ட் ஆர்டர், டெர்மினல் கேட்-இன், கப்பல் கிளம்பியது. ஒவ்வொரு சரக்குக்கும் அஞ்சு நேரம், அவ்வளவுதான். முதல் மூன்று சரக்கு போனதும் அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள். எந்த இரண்டு நேரத்துக்கு நடுவில் உங்கள் நாள்கள் போகின்றன என்று பார்த்துச் சொல்கிறேன், யாரிடம் போய்ப் பேச வேண்டும் என்பதையும்.